காலதர் மறந்த வீடுகள்

ஜன்னலுக்குத் தமிழில் 'காலதர்' என்றொரு பழம்பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்திலேயே இச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'விண்டோ'வும் காற்றின் கண் எனப் பொருள்படும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து கிளைத்ததுதான். நாம் இன்று புழங்கும் 'ஜன்னல்' போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. அதைச் சொல்லும்போது காற்றின் நினைவு நமக்கு வருவதில்லை. சொல் மறைந்தபோது பொருளும் உடன் மறைந்ததோ என்று ஐயுறும்படிதான், புதுச்சேரியில் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் எழும்பிய வீடுகள் இருக்கின்றன.

லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ மூலகுளத்திலோ புதிதாகக் குடிபுகுந்த எந்த வீட்டுக்கும் மே மாதத்து இரவு ஒன்பது மணிக்குச் சென்று பாருங்கள். வெளியே வாசலில் நிற்கும்போது ஓரளவு இதமாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் முகத்தில் வெம்மை அறையும். மாடி அறையில் மின்விசிறி தளத்தின் சூட்டையே கீழே தள்ளிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் சிறு சங்கடத்துடன் படுக்கையறைக் கதவைத் திறந்து, 'ஏ.சி. போட்டிருக்கிறேன், இங்கே உட்காருவோம்' என்பார். வாழ்நாள் சேமிப்பையும் இருபதாண்டு வங்கிக் கடனையும் கொட்டிக் கட்டிய வீட்டில், நான்கு பேர் ஒரே அறைக்குள் ஒடுங்கிக் கோடையைக் கழிக்கிறார்கள். இதை நாம் பருவநிலையின் குற்றம் என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறோம். பருவநிலைக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பங்கு காகிதத்தில் பிளான் வரையப்பட்ட அந்த முதல் வாரத்தைச் சேர்ந்தது என்பதே என் கருத்து.

பிளான் வரையும் வரிசையைக் கவனித்தால் இது விளங்கும். முதலில் கார் நிறுத்த இடம். பிறகு வாஸ்து. பிறகு எத்தனை படுக்கையறை, எத்தனை குளியலறை. அதன்பின் முகப்புத் தோற்றம். ஏ.சி.க்கு மின் இணைப்பு எந்தச் சுவரில் வரவேண்டும் என்பதுகூடச் சுவர் எழும்புமுன் முடிவாகிவிடுகிறது. காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்ற கேள்வி மட்டும் எந்தக் கட்டத்திலும் எழுவதில்லை. ஜன்னல் என்பது சுவரில் மிஞ்சிய இடத்தில் வைக்கப்படும் ஒரு பொருளாகிவிட்டது.

*

இந்த ஊரின் வெயிலுக்கும் காற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருப்பது. ஆகவே ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதங்கள் அது வடக்கே சாய்ந்து நிற்கிறது. 'வடக்குப் பக்கம் வெயில் படாது' என்று நம்பி நிழல் வைக்காமல் விடுகிறோம். நம் கொடுங்கோடையில் வெயில் விழுவது அந்தப் பக்கம்தான். ஆயினும் வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் படும் வெயில் உயரத்திலிருந்து வருவது. ஒன்றரை இரண்டடி சன்ஷேடு அதை ஓரளவு தடுத்துவிடும். கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் அப்படியல்ல. தாழ்ந்து வரும் வெயிலை எந்தச் சன்ஷேடும் நிறுத்தாது. அங்கே வராந்தாவோ மரமோ மாடிப்படியோ குறுக்கே நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குவது. நாள் முழுக்க அது வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. ஐந்தங்குலக் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு கோடை நண்பகலில் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். அந்தச் சூடு உடனே கீழே வருவதில்லை. மெல்ல இறங்கி, பொழுது சாய்ந்து நாம் வீடு திரும்பும் நேரத்தில் உட்புறத்தை எட்டுகிறது. இரவில் நம்மை வாட்டுவது பிற்பகலின் வெயில்.

காற்றுக்கும் கணக்கு உண்டு. தென்றல், வாடை, கோடை, கொண்டல் என்று நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனியே பெயரிட்ட மொழி நம்முடையது. இவ்வூரில் கோடைப் பகலில் மேற்கிலிருந்து உலர்ந்த வெங்காற்று வீசும். பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று புகும். மேல்காற்று பலமாக இருக்கிற நாட்களில் கடற்காற்று பிந்தி வரும், சில நாள் வராமலே போகும். 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதி, தன் கனவு வீட்டுக்குப் பராசக்தியிடம் கேட்ட பொருள்களின் பட்டியலில் தென்றலையும் மறவாமல் சேர்த்தார். நம்முடைய வீட்டுக் கனவுகளில் அது இல்லை.

ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊரில் உடலைக் குளிர்விப்பது வியர்வை உலர்வது ஒன்றே. அதற்குக் காற்று நகர வேண்டும். ராஜஸ்தானத்து வீடு பகலில் கதவடைத்துக் கொண்டு தடித்த சுவருக்குள் பதுங்கலாம். புதுச்சேரி வீடு அப்படிப் பதுங்கினால் புழுக்கத்தில் வேகும். மழை மாதங்களிலும் இதே விதி வேறு வடிவில் வருகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இங்கே கொட்டித் தீர்த்தபின், காற்றோட்டமற்ற அறைகளின் சுவர்களும் அலமாரித் துணிகளும் எத்தனை நாள் பூஞ்சை வாடையோடு கிடந்தன என்பதை இவ்வூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

*

இவையெல்லாம் இந்த நகரத்துக்குத் தெரியாத செய்திகள் அல்ல. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் வைசியாள் வீதி போன்ற இடங்களில் எஞ்சியிருக்கும் வீடுகளைப் பார்க்கலாம். வீதியை ஒட்டி மரத்தூண் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம், அதன்கீழ் திண்ணை, உள்ளே முற்றம், பின்னே தோட்டம். வாசலில் நின்றால் கொல்லை வரை பார்வை ஓடும், பார்வையோடு காற்றும் ஓடும். முற்றத்தின் வழியே சூடு மேலேறிப் போகும். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாட்டு வீட்டை அப்படியே பெயர்த்து வைத்துவிடவில்லை. உயர்ந்த கூரை, தூண் வரிசை கொண்ட வராந்தா, வெயிலை மறுத்துக் காற்றை அனுமதிக்கும் மரப் பட்டைக் கதவுகள் எல்லாம் இந்த வெயிலைக் கண்டபின் கற்றவை. இருவர் வீட்டுக்கும் கூரை மெட்ராஸ் டெரஸ்தான்: தேக்கு உத்தரங்களின்மேல் குத்திட்டு அடுக்கிய செங்கல், அதன்மேல் சுண்ணாம்புச் சுருக்கி, அதற்கும் மேலே தட்டோடு. ஆனந்தரங்கப் பிள்ளையின் 18ஆம் நூற்றாண்டு மாளிகையில் கீழ்த்தளம் முற்றமுள்ள தமிழ்வீடாகவும், மேல்தளம் பிரெஞ்சுத் தூண் வரிசையாகவும் இருப்பது வெறும் அலங்காரக் கலப்பு அல்ல என்றே தோன்றுகிறது.

ஆனாலும் பழமையைத் தொழுவது என் நோக்கமல்ல. முற்றம் வைத்த வீடு நிலமும் செல்வமும் உள்ளவர்களுக்கே வாய்த்தது. அந்த வீடுகளிலும் பல பின்கட்டு அறைகள் இருண்டவை. அடுக்களையில் விறகுப் புகையைச் சுவாசித்துக் கண் எரிந்த பெண்களை யாரும் 'இயற்கைக் காற்றோட்டம்' பற்றிய கட்டுரைகளில் நினைவுகூர்வதில்லை. மீனவக் குப்பங்களின் கூரை வீடுகள் குளிர்ச்சியானவைதான். ஒரு தீப்பொறியில் தெருவே எரிந்தும் போனது. ஓடும் ஓலையும் கைவிட்டுக் கான்கிரீட்டுக்கு வந்தவர்கள் அறிவீனத்தால் வரவில்லை. நெருப்புக்கும் புயலுக்கும் கரையானுக்கும் அஞ்சி வந்தார்கள். அவர்களைப் பார்த்து 'மண்வீட்டுக்குத் திரும்புங்கள்' என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

கேள்வி இதுதான்: கான்கிரீட்டில் கட்டிக்கொண்டே இந்த ஊரில் குளிர்ந்த வீடு கட்ட முடியுமா? இதற்கான விடை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

*

அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதியைச் சொல்கிறேன். செக் நாட்டில் பிறந்து அமெரிக்கராகி, ஜப்பானில் பணிபுரிந்துகொண்டிருந்த அன்டோனின் ரேமண்ட் அதை வடிவமைத்தார். 1930களின் நடுவில் திட்டம் உருவாகி, 1940களின் தொடக்கத்தில் கட்டடம் முடிந்தது. களத்தில் நின்று கட்டியவர்களில் இருவர், பின்னாளில் மரச்சாமான் வடிவமைப்பில் உலகப்புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவும், லெ கொர்புசியேயிடம் பணியாற்றியிருந்த ஃபிரான்டிஷெக் சாமரும். ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி வழியாகக் கிடைத்த நன்கொடையின் நினைவாகவே அந்தப் பெயர். இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்றாகக் கட்டடக்கலை மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். புதுச்சேரியில் வீடு கட்டுகிறவர்கள் படிப்பதில்லை.

அதன் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கியவை. அறைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன, நடைவழி ஒரு பக்கமாக ஓடுகிறது. ஆகவே ஒவ்வோர் அறைக்கும் இருபுறமும் காற்று உண்டு. புறச்சுவர் என்று நாம் நினைக்கும் இடத்தில் கிடைமட்டமாகத் திருப்பக்கூடிய பட்டைகள் தளத்திலிருந்து உத்தரம் வரை இருக்கின்றன. அவற்றைத் திருப்பி வெயிலையும் மழையையும் தடுத்துக்கொண்டு காற்றை மட்டும் உள்ளே விடலாம். அறைக்கும் நடைவழிக்கும் இடையே தேக்குப் பட்டைகளாலான நகர்த்துக் கதவு. அதை மூடினாலும் காற்று வரும், பார்வை வராது. கூரை இரண்டு: தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவே காற்று ஓடும் இடைவெளி. வெயிலை மேற்கூரை வாங்கிக்கொள்கிறது. இருபுறமும் தோட்டம். ஒரே அறையை முழு அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்த்த பின்னரே முழுக் கட்டடத்தையும் எழுப்பினார்கள்.

அந்தப் பட்டைகள் கல்நார் சிமென்ட்டில் செய்யப்பட்டவை. கல்நாரின் கேடு இன்று தெரிந்த உண்மை. ஆகவே பொருளை நகலெடுக்க வேண்டியதில்லை. நிலமும் நன்கொடையும் அவர்களுக்கு இருந்தன, நமக்கு இல்லை என்பதும் மெய்யே. ஆனால் திசை, எதிரெதிர் திறப்பு, நிழல் பெற்ற கூரை என்ற மூன்றுக்கும் நன்கொடை தேவையில்லை, முன்யோசனைதான் தேவை. கான்கிரீட்டின் மீது நாம் சுமத்தும் பழியைக் கோல்கொண்டே பொய்யாக்கிவிடுகிறது.

*

மறுப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல. முதலாவது, இடம். இரண்டு குழி மனை, அதாவது ஏறத்தாழ 1,150 சதுர அடி. இருபுறமும் அடுத்தவர் சுவர். இதில் முற்றத்துக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. ஆனால் பக்கங்கள் அடைபட்ட மனையில்தான் மேல்நோக்கிய வழி இன்றியமையாதது. இன்ஜினியர்கள் 'ஓ.டி.எஸ்.' என்று குறிக்கும் சிறு திறந்தவெளி பல பிளான்களில் இருக்கத்தான் செய்கிறது. கட்டி முடித்தபின் அதில் கழிவறைக் குழாய்களும் ஏ.சி. வெளியலகுகளும் குடியேறுகின்றன. போதாக்குறைக்கு மழைக்குப் பயந்து மேலே பாலிகார்பனேட் தகட்டைப் போட்டு மூடுகிறார்கள். சூடு வெளியேற வேண்டிய வாயே அடைபடுகிறது. அந்த இடத்தைக் காற்றுக்கென்றே விட்டுவைப்பதற்கு ஒரு சதுர அடிகூட அதிகம் தேவையில்லை. அதுவும் இயலாதெனில் மாடிப்படி இருக்கிறது. படியின் உச்சியில், கூரையை ஒட்டி, மழை புகாத திறப்புகள் இரண்டு வைத்துவிட்டால் படிக்கட்டே வீட்டின் புகைபோக்கியாகிவிடும்.

இரண்டாவது, கொசுவும் திருடனும் தூசியும். இம்மூன்றுக்கும் அஞ்சி நாம் கண்டுபிடித்த விடை அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். நான்குக்கு நான்கு ஜன்னல் என்றால் 16 சதுர அடி. ஆனால் ஒரு கதவு மற்றதன்மேல் நகர்வதால் திறப்பது எட்டுச் சதுர அடிதான். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய பரப்பு, வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்றது. 120 சதுர அடி அறைக்கு இக்கணக்கைப் பொருத்திப் பார்த்தால் 20 சதுர அடி. நாம் வைப்பது அதில் பாதிகூட இல்லை. கொசுவலைச் சட்டமிட்ட, முழுவதும் திறக்கும் கதவு ஜன்னலுக்கு ஆகும் கூடுதல் செலவு, முகப்பில் பதிக்கும் கல்லுக்கு ஆகும் செலவைவிடப் பெரிதாக இராது.

இதே விதித்தொகுப்பில் இன்னொரு வரியும் உண்டு. அது வகுக்கப்பட்டது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு. இரண்டு குழி மனை ஏறத்தாழ 107 சதுர மீட்டர். எல்லாப் பக்கமும் அடைபட்ட சிறுவீட்டுக்காரருக்குத்தான் வழிகாட்டல் அதிகம் தேவை. அவரை விட்டுவிட்டுத்தான் விதி எழுதப்பட்டது. தன் வீட்டுக்கான விதியை அவரே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, வாஸ்து. நம்பிக்கையோடு வாதிட நான் வரவில்லை. அதன் விளைவைக் கணக்கில் எடுங்கள் என்றே கேட்கிறேன். கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், முதன்மைப் படுக்கையறை என்கிறார்கள். மாலை வெயில் முழுவதும் விழும் மேற்குச் சுவர் அந்த அறைக்கு வாய்க்கிறது. சரி, இருக்கட்டும். அந்தச் சுவரில் கட்டிலின் தலைமாட்டை வைக்காமல் முழுநீள அலமாரியை வையுங்கள், வெளியே நிழல் செய்யுங்கள். அக்னி மூலையான தென்கிழக்கில் அடுக்களை என்கிறார்கள். நம் ஊரில் கடற்காற்று வருகிற திசை அது. அடுப்பின் சூட்டையும் ஆவியையும் காற்று வீட்டுக்குள் வாரிக்கொண்டு வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறோமே என்பார்கள். உள்ளே வருகிற காற்றைத்தான் அது வெளியே தள்ள முடியும். ஜன்னலைச் சாத்திவிட்டு விசிறியைச் சுழலவிட்டால் சத்தம் மட்டுமே மிஞ்சும். அடுப்புக்கு நேர்மேலே வெளியேற்றம், எதிர்ப்பக்கத்தில் புதுக்காற்று நுழைவு என்று இரண்டும் சேர்ந்தே பிளானில் வர வேண்டும். வீட்டிலேயே மிக வெப்பமான அறையில் அதிக நேரம் நிற்பவர் பெரும்பாலும் பிளான் பேசும் மேசையில் அமர்த்தப்படாதவர் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

*

கடைசி மறுப்பு: 'எல்லாம் சரி, ஏ.சி. இருக்கும்போது எதற்கு இத்தனை பாடு?' மே மாதத்தில் 38 டிகிரியும் கடல் ஈரமும் சேர்ந்த பகலில், முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் ஏ.சி. ஆடம்பரம் என்று சொல்வது கொடுமை. நான் அதற்கு எதிரியல்லன். ஆனால் அந்த எந்திரத்தைப் பற்றி இரண்டு செய்திகளைப் பலரும் அறிவதில்லை. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. சாத்திய அறையில் நால்வர் இரவெல்லாம் உறங்கினால், காலையில் தலை கனப்பதற்கு அறைக்குள் பெருகிய கரியமில வாயுவும் காரணமாகலாம். அடுத்தது, ஒரு டன் ஏ.சி. அறையிலிருந்து எடுக்கும் வெப்பம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாட். தான் செலவிடும் மின்சாரத்தின் சூட்டையும் அதனோடு சேர்த்து வெளியே கொட்டுகிறது. மூன்றடிச் சந்தில் அந்த வெளியலகு நோக்கி நிற்பது யார் ஜன்னல்? அடுத்த வீட்டார் தம் ஜன்னலைச் சாத்துகிறார். பிறகு அவரும் ஒன்று வாங்குகிறார். இப்படியே தெரு முழுவதும் சாத்திக்கொள்கிறது. ஏ.சி. வாங்க இயலாத மொட்டைமாடி அறை வாடகைக்காரர் மட்டும் எல்லார் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். வீடு தனிச்சொத்து, ஆனால் காற்று தெருவின் பொதுச்சொத்து. நம் திட்டமிடலில் இந்த அறம் எங்கும் இல்லை.

ஏ.சி. வைக்க வேண்டிய வீட்டுக்கும் முதலில் வேண்டியது நல்ல கூரைதான். கூரைக்கு நிழலோ வெள்ளைப் பூச்சோ இருந்தால் எந்திரம் ஓடும் நேரம் குறையும். தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆண்டுதோறும் கோடைக்கு முன் சுண்ணாம்பு அடிப்பது நம் வீடுகளில் வழக்கமாக இருந்ததுதான். இன்று 2024-ல் தொடங்கிய சூரிய மின் திட்டத்தின் மானியத்தில் பலரும் கூரைத் தகடுகள் பொருத்துகிறார்கள். அவற்றைத் தளத்தோடு ஒட்டாமல், கீழே காற்று ஓடும்படி உயர்த்திப் பொருத்தினால், கோல்கொண்டேயின் இரண்டாம் கூரை நம் சிறுவீட்டுக்கும் வந்துவிடுகிறது. மின்சாரமும் கிடைக்கிறது, நிழலும் கிடைக்கிறது.

ஆகவே வீடு கட்டப்போகும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. பிளானைக் கையில் வாங்கியதும் சிவப்புப் பேனாவால் காற்று நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம் வரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு எந்தச் சுவரில் முட்டுகிறதோ அங்கே நிறுத்தி, இன்ஜினியரிடம் வழி கேளுங்கள். மேற்கு வெயிலை எது தாங்குகிறது, கூரைக்கு எது நிழல், அடுக்களைச் சூடு எங்கே போகிறது, நம் ஏ.சி.யின் மூச்சு யார் முகத்தில் படுகிறது என்ற நான்கு கேள்விகளையும் அன்றே கேட்டுவிடுங்கள். காகிதத்தில் ஜன்னலை நகர்த்த அழிப்பான் போதும். தளம் போட்டபின் நகர்த்த வேண்டுமென்றால் கடப்பாரை வேண்டும். பெரும்பாலோர் கடப்பாரையை எடுப்பதில்லை, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மின்கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.